டீச்சர் போகாத வியன்னா

கோடு போட்ட நீளத் தாள் ஒன்று, நான்காக மடித்தது. இரண்டு பக்கமும் நீல மையில் குண்டு குண்டான எழுத்து. மொத்தம் பதினான்கு கேள்விகள். ஒவ்வொரு கேள்வியின் கீழும் பதில் எழுதிக்கொள்ள எனக்காக இரண்டு வரி இடம் விடப்பட்டிருந்தது. தேவாலயத்தின் பக்க வாசலில் எத்தனை படிகள்? ரோஜாத் தோட்டத்துப் பாதை மண்ணா, சரளையா, மழை பெய்தால் சக்கரம் புதையுமா? டிராம் நிறுத்தத்துக்கும் நடைபாதைக்கும் இடையே எவ்வளவு உயரம்? "மறந்துடாதீங்க சார், படத்துல தெரியாத இடம் எல்லாம் இதுல எழுதியிருக்கேன்" என்று சொல்லித்தான் டீச்சர் அதை என் கையில் கொடுத்தார். நான் பெட்டியின் பக்கப் பையில் வைத்தேன். வியன்னாவில் இருந்த ஆறு நாட்களில் ஒருமுறைகூட அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

கீழ்க்கட்டளையில் ஒரு பர்னிச்சர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். ஐரோப்பிய நகரங்களுக்குச் சுற்றுலா போகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டபடியே நடக்கிற வழிகாட்டி உரைகளை ஆங்கிலத்தில் எழுதித் தருவது எங்கள் வேலை. 'இங்கிருந்து இடது பக்கம் திரும்புங்கள், எதிரே தெரிவது அரண்மனை' என்று யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் சொல்லும். அந்த வாக்கியம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கீழே மரம் இழைக்கும் சத்தத்துக்கு நடுவே, எங்களில் ஒருவர் எழுதியதாக இருக்கும். எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவரும் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை. கணினி வரைபடத்தில் தெருத் தெருவாக எடுத்துப் போட்டிருக்கும் படங்கள்தான் எங்களுக்குக் கண். பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஆட்குறைப்பில் வெளியே வந்த நான், மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறவனாக அங்கே சேர்ந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

டீச்சர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். எழுதுவதற்கு அவருக்கு ஒதுக்கப்பட்ட ஊர் வியன்னா. மற்றவர்கள் எந்த ராஜா எந்தக் கட்டடத்தை எப்போது கட்டினான் என்று எழுதுவார்கள். டீச்சர் மட்டும் கால் எங்கே வைக்க வேண்டும் என்று எழுதுவார். 'இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வலது பக்கம் ஒரு பெஞ்சு இருக்கிறது. உட்காருவதானால் உட்காருங்கள், இனிமேல் ஏற்றம்.' இந்த மாதிரி. ஆரம்பத்தில் இதையெல்லாம் வெட்டியிருக்கிறேன். அழகில்லாத வாக்கியங்கள் என்று எனக்குத் தோன்றியது.

அவர் ஏன் அப்படி எழுதுகிறார் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிச்சூரில் அவர் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. அவருடைய கணவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். இரும்புச் சட்டம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஞாயிறு காலை இருவரும் கோயிலுக்குப் போய் வருவார்கள். மாலையில் டீச்சர் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, வியன்னாவில் அந்த வாரம் எழுதப்போகும் வழி எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் முடிச்சூரின் மனைப் பிரிவுச் சாலைகளில் நடப்பார். கணவர் மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நேரம் பார்த்துச் சொல்வார். அன்றைக்கு நானும் கூட நடந்தேன்.

"சார், தோ பால் பூத் கீதே, அதான் ஓபரா" என்றார் கணவர். "அங்க ரேஷன் கடை தெரியுதா? அரமணை. அதத் தாண்டி தண்ணி நிக்குற மனை ஒண்ணு கீது. இவ அதப் பூங்கா குளம்ங்கறா. கொசுவப் பாத்தா எனக்கு அப்டித் தெரில."

டீச்சர் சிரித்தபடியே ஒரு பள்ளத்தைச் சுற்றி நாற்காலியை ஓட்டினார். "பதினெட்டு நிமிஷம் ஆச்சு சார். வரைபடம் பதிமூணுன்னு சொல்லுது. வயசானவங்க, இவரை மாதிரி இருக்கறவங்க எல்லாம் பதிமூணு நிமிஷத்துல எப்படிப் போவாங்க? அவங்களுக்கும் ஊரைப் பாக்கணும்னு ஆசை இருக்காதா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் அலுவலகத்தின் பெயர் வெளியே தெரிந்த ஒரே வேலை பிறந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் தனியாக ஒரு வியன்னா. படிகளைத் தவிர்த்து, பெஞ்சுகளைக் கணக்கில் கொண்டு, கழிப்பறை எங்கே என்று வெட்கப்படாமல் சொல்லி, ஒன்பது வழிகள். முழுவதும் டீச்சர் எழுதியது. வெளியான சில மாதங்களில் எங்கள் உரைகளை வெளியிடும் வியன்னா நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. இதை எழுதியவரை ஒரு வாரம் அனுப்பிவையுங்கள், எல்லா வழிகளையும் நடந்து பார்த்துச் சரிசெய்யலாம், செலவு எங்களுடையது என்று.

எம்.டி. என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். "டீச்சர்தானே சார் போகணும்? சொல்லிடலாமா?" என்றார்.

"டீச்சர்தான் போகணும்" என்றேன். பிறகு, "ஆனா" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா வீட்டுக்காரரை அந்த நிலைமையில விட்டுட்டு ஒரு வாரம் எப்படி வருவாங்க? குளிக்க வைக்கிறதுல இருந்து எல்லாமே அவங்கதான். நாம கேட்டா முடியாதுன்னு சொல்லவும் கஷ்டம், சரின்னு சொல்லவும் கஷ்டம். கேக்காம இருக்கறதே அவங்களுக்கு நல்லது" என்று முடித்தேன். என் குரலில் அவ்வளவு கரிசனம் இருந்தது. எம்.டி. "அப்போ நீங்களே போயிட்டு வந்துடுங்க சார்" என்றார். நான் ஒப்புக்கு ஒரு நிமிடம் தயங்கினேன். கடல் தாண்ட வேண்டும் என்ற ஆசை எனக்குள் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பது அதுவரை எனக்கே தெரியாது. தெரிந்தபோது வெட்கமாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

செய்தியை எம்.டி. எல்லோர் முன்னாலும் சொன்னார். டீச்சரின் முகம் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் போனது. பிறகு அவர்தான் முதலில் எழுந்து வந்து வாழ்த்துச் சொன்னார். மறுநாள் அந்தத் தாளைக் கொண்டுவந்தார்.

வியன்னாவில் அப்போது குளிர் முழுதாகப் போகவில்லை. மரங்களில் இலை இல்லை. காதில் வழிகாட்டியை மாட்டிக்கொண்டு நடந்தேன். வண்ண ஓடு வேய்ந்த பெரிய தேவாலயத்தின் முன்னால் அந்தக் குரல் நிற்கச் சொன்னது, நின்றேன். கல் பாவிய தெரு இங்கே முடிகிறது, இனி சக்கரம் அதிராது என்றது. அப்படியே இருந்தது. ஓபரா இசை அரங்கைத் தாண்டி ரோஜாத் தோட்டத்துக்கு வந்தால், பனிக்காக ஒவ்வொரு செடிக்கும் சாக்கு கட்டி வைத்திருந்தார்கள். தலையை மூடிக்கொண்டு வரிசையாக நிற்கும் ஆட்கள் போல இருந்தது. அதன் முன்னால் டீச்சர் சொன்ன இடத்தில் டீச்சர் சொன்ன பெஞ்சு. அதில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து என் மனைவிக்கு அனுப்பினேன். முடிச்சூரின் பள்ளங்களில் நாற்காலியைத் தள்ளிய ஒருத்தி கண்டுபிடித்த ஊரில், நான் சுற்றுலாப் பயணியாக நடந்துகொண்டிருந்தேன். நிறுவனத்துக்காரர்கள் தினமும் மதியம் கேக் வாங்கிக் கொடுத்தார்கள். எதையாவது பாராட்டினால் "நன்றி" என்று சொல்லிவிட்டேன். எழுதியவர் நான் இல்லை என்று முதல் நாள் ஒருமுறை சொன்னேன். அதன் பிறகு சொல்லவில்லை.

கடைசி நாள் மழை. மீதியிருந்தது மேட்டிலிருந்து இறங்கும் ஓர் அரண்மனைத் தோட்டம். மேல் வாசலில் குடையோடு நின்று கீழே பார்த்தேன். பாதை நீளமாக இறங்கியது. ஷூ நனைந்திருந்தது. ஒரு படம் எடுத்துக்கொண்டு டிராமில் ஏறி விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

ஊர் வந்ததும் அலுவலகத்தில் சாக்லேட் கொடுத்தேன். எல்லோரும் சூழ்ந்து நின்று கேட்டார்கள். டீச்சர் பேனாவோடு கடைசியாக வந்தார்.

"சார், அந்த அரண்மனைத் தோட்டத்துல நடுவுல ஒரு இடம் படத்துல நிழலா இருக்குல்ல? அங்க படி மட்டும்தானா, பக்கத்துல சரிவுப் பாதையும் இருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இருக்கு டீச்சர், நல்லாவே இருக்கு" என்றேன்.

"அப்பாடா" என்று சொல்லி அவர் எழுதிக்கொண்டார். அந்த வழியில் அதுவரை 'உறுதியாகத் தெரியவில்லை, மேல் வாசலோடு திரும்பிவிடுங்கள்' என்று இருந்த வரியை அன்றைக்கே எடுத்துவிட்டு, சரிவுப் பாதை இருப்பதாக எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முதியவரின் புகார் வந்தது. கோபமே இல்லாத கடிதம். மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்து, எங்கள் வழிகாட்டியை நம்பி அந்தத் தோட்டத்தில் பாதிதூரம் இறங்கியிருக்கிறார். அவர்கள் போன பாதை படிகளில் முடிந்திருக்கிறது. முழு மேட்டையும் அவரே திரும்பத் தள்ளி ஏற வேண்டியதாகிவிட்டது. தனக்கு எழுபத்தெட்டு வயது, நடுவில் மூன்று முறை உட்கார்ந்தேன், இனி யாருக்கும் இப்படி நேரக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன் என்று முடித்திருந்தார்.

எம்.டி. எங்களை உட்காரவைத்து அதை வாசித்தார். "சரிவுப் பாதை இருக்குன்னு எழுதினது யாரு?"

டீச்சர் என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை அல்ல. நான் பேசுவதற்காகக் காத்திருந்த பார்வை. மூச்சு வாங்கி விடுகிற நேரம் இருக்கும். கீழே மரம் இழைக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று நான் காத்திருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நான்தான் சார் எழுதினேன்" என்றார் டீச்சர்.

வியன்னா அவரிடமிருந்து எடுக்கப்பட்டு வேறொருவரிடம் போனது. அவருக்குப் பெரிய ஊர்களே இல்லாத ஒரு பட்டியல் கொடுத்தார்கள். மாத முடிவில் வேலையை விட்டுவிட்டார். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டவர் என் மேஜைக்கும் வந்து, "வரேன் சார்" என்றார். எதையாவது சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்கப்போவதில்லை என்று தெரிந்திருந்தும், "உடம்பைப் பாத்துக்குங்க டீச்சர்" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. அடுத்த சில வருடங்களில் அந்த அலுவலகமே மூடப்பட்டது. இப்போது அந்த மாதிரி உரைகளை இயந்திரம் எழுதுகிறதாம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக முடிச்சூர் போயிருந்தேன். காலி மனைகள் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடிகள். திரும்பி வரும்போது எதிரே டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. நான் கவனிக்காததுபோல ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போயிருப்பேன். அவர் கணவர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், அடையாளம் தெரிலயா? வியன்னா ரிட்டர்னு!"

வண்டியை நிறுத்தி இறங்கினேன். டீச்சர் தலையசைத்தார், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறாராம். கணவர்தான் பேசிக்கொண்டே இருந்தார். அந்த ஊரில் சாலைகள் எப்படி என்று கேட்டார். டிராமில் நாற்காலியோடு ஏற முடியுமா என்று கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன். குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டார்.

"இவளுக்கு மட்டும் அப்போ சான்ஸ் வந்திருந்தா கண்டிப்பா அனுப்பியிருப்பேன் சார். இவ தங்கச்சி பல்லாவரத்துலதான் கீறா. ஒரு வாரம் இன்னா, ஒரு மாசம் வந்து என்னப் பாத்துக்கினு இருப்பா. இன்னா பண்றது, உங்க இங்கிலீசுக்கு முன்னாடி இவ எங்க? கம்பெனிக்காரன் ஆளு பாத்துதான் அனுப்பிச்சான்" என்று சொல்லிச் சிரித்தார்.

என்னால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் கழித்தாவது உண்மையைச் சொல்வது அந்த மனிதருக்கு நான் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். எனக்கு நானே செய்துகொள்ள நினைத்த சௌகரியம் அது என்பது, சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

"இங்கிலீஷுக்காக அனுப்பலைங்க. டீச்சரைத்தான் அனுப்பறதா இருந்தாங்க. உங்களை விட்டுட்டு அவங்களால வர முடியாது, கேக்கவே வேணாம்னு நான்தான் எம்.டி.கிட்ட சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். டீச்சரைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் அவரைப் பார்த்தே சொன்னேன்.

டீச்சரின் கைகள் நாற்காலியின் பிடியில் இறுகின. அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "வேலையை விட்ட அன்னைக்கே எம்.டி. சொல்லிட்டாரு. இவருக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கலை."

அவர் கணவரின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக மறையவில்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் அங்கேயே விட்டுவிட்டதுபோல இருந்தது. தன் முழங்கால்களைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி மனைவியை அண்ணாந்து பார்க்க முயன்றார்.

"என்னாலயா?" என்றார்.

டீச்சர் நாற்காலியை மெதுவாகத் திருப்பி, வந்த வழியே வீட்டுப் பக்கம் தள்ளத் தொடங்கினார். கொஞ்ச தூரம் போனதும் கணவர் மறுபடியும் அதையே கேட்பது எனக்குக் கேட்டது. டீச்சர் குனிந்து அவர் காதருகே ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை.