வாழ்நாள் வாரண்டிக் கத்தி

என் கணவர் நாகப்பட்டினத்தில் மீன்பிடிப் படகில் வேலை செய்தவர். தடைக்காலம் முடிந்து கடலுக்குக் கிளம்பும்போது, அவருக்காக ஆன்லைனில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். 'ராணுவத் தரம், வாழ்நாள் வாரண்டி' என்றது விளம்பரம்.

"பழைய கத்தியே போதும்டி" என்றார்.

"மிலிட்டரிக்காரங்க வச்சிருக்கிறதாம், எடுத்துட்டுப் போங்க" என்று நான்தான் கட்டாயப்படுத்தினேன்.

நடுக்கடலில் வலைக்கயிற்றை அறுக்கும்போது கத்தி திடீரென்று மடங்கி, வலது கை விரல்களின் நரம்பை அறுத்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் விரல்கள் மடங்கவில்லை.

விற்றவர்களுக்குப் போன் செய்து அழுதேன். "கத்திக்கு வாரண்டி இருக்கு மேடம், புதுசு அனுப்பிடுறோம்" என்றார்கள்.

இப்போதெல்லாம் எதை வாங்கினாலும், விளம்பரத்தில் போட்டிருக்கும் பெரிய வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்காமல் விடுவதில்லை. கடைக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். தினமும் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறவள் நான்.