லயத்துச் சுவரில் அண்ட இழை

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் நான் ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் கணக்கு டீச்சர். எனக்குப் பிடித்திருந்த பைத்தியத்தின் பெயர் அண்ட இழை.

பிரபஞ்சம் பிறந்தபோதே விழுந்த கீறலைப்போல, அணுவைவிட மெல்லிய இழைகள் வானத்தில் ஓடலாம் என்கிறார்கள். யாரும் கண்டதில்லை. ஆனால் இழைக்குப் பின்னால் ஒரு விண்மீன் மண்டலம் இருந்தால், அதன் ஒளி இரு பக்கமாகவும் வந்து, ஒன்றே இரண்டாகத் தெரியும். அச்சு அசல் இரட்டை. அப்படிப் பல இரட்டைகள் வரிசையாக நின்றால் நடுவே இழை ஓடுகிறது என்று அர்த்தம்.

யாழ்ப்பாணத்துக்காரரான ஒரு விரிவுரையாளர் தொலைநோக்கிப் படங்களை எனக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். பதுளை பஜார் இன்டர்நெட் கடையில் அச்சடித்து வந்து, கோதுமை மாப் பசை காய்ச்சி, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்து அறைச் சுவரில் ஒட்டுவேன். தீபாவளிக்கு முன்னால் சுவருக்குப் பத்திரிகைத் தாள் ஒட்டிப் பழகிய கை. குளிர் நுழையாமலிருக்க ஒரு தாள்மேல் அடுத்த தாள் ஒரு விரல் ஏறியிருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை ஒட்டி முடித்து நிமிர்ந்தால், இரட்டை! அதற்குக் கீழே இன்னொன்று. மொத்தம் ஏழு இரட்டைகள், ஒரே இடைவெளியில், நூல் பிடித்த மாதிரி. தலைகால் புரியவில்லை. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்குமா? அடுத்த பஸ்ஸிலேயே பதுளைக்கு ஓடி, "கண்டுபிடித்துவிட்டேன்" என்று அவருக்கு எழுதிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கார்மென்ட் ஃபேக்டரியிலிருந்து தங்கச்சி லீவில் வந்தாள். காட்டினேன். அவள் இரண்டு தாள் சேரும் இடத்தை விரலால் தடவினாள்.

"அக்கா, ரெண்டு தாள்லயும் இந்த ஓரம் ஒண்ணுதானே? பூப்போட்ட துணிய வெட்டாம சேத்தா இப்படித்தான் ரெண்டு பூ வரும். சூப்பர்வைசர் கொன்னுடுவாரு."

மூஞ்சியில் ஈயாடவில்லை. ஒவ்வொரு படத்தின் ஓரமும் அடுத்த படத்தில் இரண்டு விரல் அகலம் திரும்ப வரும் என்று விரிவுரையாளர் முன்பே எழுதியிருந்தார். நான் மறைத்தது ஒரு விரல்தான். மிச்ச ஒரு விரல் வானம் சுவரில் இரண்டு முறை இருந்தது.

வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இனி இந்தப் பைத்தியக்காரிக்கு அவர் படமே அனுப்பாவிட்டால்? பெருக்கல் வாய்ப்பாட்டைத் தாண்டி எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்குத் தங்கச்சியும் கூட வந்தாள். மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தால், அவர் பதில் ஏற்கெனவே வந்திருந்தது. ஒரே வரி.

"ஓரத்தை வெட்டிப்போட்டோ ஒட்டினனீங்கள்?"

கீழே பன்னிரண்டு புதுப் படங்கள் இணைத்திருந்தார். நான் கடையிலேயே அழுதுவிட்டேன். தங்கச்சி எழுந்து கத்தரிக்கோல் வாங்கப் போனாள்.