மரியரஞ்சனியின் ஆறு வருடங்கள்

1990 ஒக்ரோபர் 19: வள்ளம், 300 ரூபாய்.
1991 பெப்ரவரி 6 முதல் 27 வரை: கொழும்பில் அறை, 1,540 ரூபாய்.
1991 பெப்ரவரி 27: முகவருக்கு 1,40,000 ரூபாய்.
1991 மார்ச் 14: ஒஸ்லோ. கையில் 40 டொலர்.

தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குள் போனபின் மரியரஞ்சனி தப்பி வந்த கணக்கு இது. போரில் எந்தப் பக்கமும் சேராத நாடு என்று நம்பி நோர்வேக்கு வந்தார். தம்பி அருட்செல்வம் 1988இலேயே அங்கே பேர்கன் நகருக்கு வந்திருந்தார்.

முகவர் கொடுத்த கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1963. உண்மையில் 1957. "இருபத்தேழு எண்டால் படிக்கப் போற பிள்ளை மாதிரி இருக்கும்" என்றார் முகவர். மரியரஞ்சனி வழியெல்லாம் அதை மனப்பாடம் செய்தார். ஒஸ்லோவில் முகவரின் ஆள் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அதன் பிறகும், பொலிஸார் கேட்டபோது அவர் வாயில் வந்தது 1963தான். பின்னர் திருத்தப் பயந்தார். 2013 மே மாதம் ஒஸ்லோவில், புருசெத் வீட்டில், மகள் யூலியா அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடினாள். அன்று அம்மாவுக்கு உண்மையில் ஐம்பத்தாறு.

வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் இருபத்தெட்டு வருடம். 2024 மே 9இல் அறுபத்தேழு வயதாகியது. முழு ஓய்வூதியம் கிடைக்கும் வயது அது; கடதாசியில் அறுபத்தொன்று. முழங்கால்கள் கடதாசியைப் பார்க்கவில்லை.

2024 ஜூன் 3, திங்கட்கிழமை, பிறந்த ஆண்டைத் திருத்தக் கேட்டு, யூலியாவின் மேசையில் இருந்து குடிவரவு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போனது. ஓகஸ்ட் 20இல் பதில் வந்தது: ஆதாரம் தேவை, பொய்த் தகவல் கொடுத்துக் குடியுரிமை பெற்றதா என்பதும் ஆராயப்படும்.

ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு போரோடு போய்விட்டது. பதில் வந்த நாளிலிருந்து மரியரஞ்சனி ஓரிடத்தில் இருக்கவில்லை. கடிதப் பெட்டியை நாளுக்கு மூன்று தடவை திறந்தார். ரயிலில் இருக்கப் பொறுக்காமல் ஒரு தரிப்பு முன்னதாக லின்டெபர்கிலேயே இறங்கி வீட்டுக்கு நடந்தார்.

"என்னைத் திருப்பி அனுப்புவாங்களோ?" என்று மகளிடம் கேட்டார்.

"இஞ்சை முப்பத்துமூண்டு வருசம், அம்மா. கொஞ்சம் இருங்கோ."

"இருந்தால்தான் பயமாக் கிடக்கு."

ஆதாரம் ஓரிடத்தில் இருந்தது. 1988இல் அகதி விண்ணப்பத்துக்காக அருட்செல்வத்தை விசாரித்த அதிகாரி குடும்ப விபரம் எழுதியிருப்பார். மரியரஞ்சனி பேர்கனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உன்ரை பைலைப் பார்க்கச் சம்மதம் எண்டு ஒரு கையெழுத்து வை."

"கடதாசிப்படி நீ அறுபத்திமூண்டில பிறந்தனி, நான் அறுபதில. நான்தான் அண்ணன். அண்ணன் சொல்லுறன், பேசாமல் இரு."

"பகிடியை விடு."

அருட்செல்வம் பகிடியை விட்டுச் சொன்னார்: "அக்கா, மூண்டு மாசம் ஆமிக் காம்பில அடைச்சு வைச்சவங்கள் எண்டு நான் அதில சொன்னனான். பதினொரு நாள்தான். உங்களுக்காகத் திறந்தால் என்ரையையும் வாசிப்பாங்கள்."

மரியரஞ்சனிக்கு இது அதுவரை தெரியாது.

"அப்ப வேண்டாம்," என்றார். "நான் இன்னும் ஆறு வருசம் துணி தூக்கிறன்."

தொலைபேசியை வைத்துவிட்டு, மடித்திருந்த துவாய்களை எடுத்து மறுபடி மடித்தார். ஒரு கிழமை தம்பி கதைக்கவில்லை. ஒன்பதாம் நாள் யூலியாவுக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது: கையெழுத்திட்ட சம்மதப் படிவம். கீழே, "அக்கா எண்டு ஒரு இடத்திலயாவது எழுதிக் கிடக்கட்டும். பதினொரு நாளையும் நானே எழுதி அனுப்பிப்போட்டன்."

அதன் பின் இரண்டு வீடுகளிலும் கடிதப் பெட்டி திறந்து மூடியது. அருட்செல்வத்துக்கு ஜனவரியில் பதில் வந்தது: பழைய விசாரணையில் மேல் நடவடிக்கை இல்லை. அதே கடிதத்தில் 1988ஆம் ஆண்டுப் பதிவின் ஒரு வரியும் இருந்தது: மூத்த சகோதரி மரியரஞ்சனி, பிறப்பு 1957.

பேர்கனில் இருந்து தம்பி தொலைபேசி எடுத்து அதை வாசித்தார். மரியரஞ்சனி இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். தனக்கு வரவேண்டிய கடிதம் வரும்வரை வேலைக்குப் போனார், சமைத்தார், சாப்பாட்டின் பாதியில் எழுந்து கீழே இறங்கிப் பெட்டியைப் பார்த்தார்.

பிறந்த ஆண்டு 1957 எனத் திருத்தப்பட்டது, குடியுரிமை அப்படியே இருக்கும் என்ற கடைசிக் கடிதம் புருசெத் வீட்டுக்கு வந்தது 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.