கேட்டைத் தாண்டிய கஞ்சி

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில், லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, டாக்டருக்குக் கைகொடுக்கும் உதவியாளனாக இருந்தேன். எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அப்போது யாருக்குத்தான் இருந்தது? தொழிலாளிகள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி சோறுகூடக் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஜெயில். வேலிக்கு வெளியே இருந்த எங்கள் வார்டு வாசலிலும் துப்பாக்கியோடு ஒரு மாத்தா, அதாவது போலீஸ்காரர், நின்றுகொண்டே இருப்பார்.

குடல்வால் வீங்கிப்போய் ஒரு பால்மரத் தொழிலாளி படுத்திருந்தார். அன்று காலையில் ஆபரேஷன். அதற்குச் சற்று முன் அவர் மனைவியிடம், "வயிறு காலியா இருக்கணும். ஏதாச்சும் குடுத்தியா?" என்று கேட்டேன். பக்கத்திலேயே மாத்தா.

"ஐயோ, ஒண்ணும் குடுக்கலீங்க டிரசரய்யா."

சொல்லும்போதே முந்தானையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். இவள் காட்டுக்குச் சாமான் கடத்துகிறவள் என்றுதான் என் பாழாய்ப்போன புத்தி போனது. நோயாளியின் வயிற்றைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டிலுக்கு மாற்றும்போது ஆள் நீலம் பாரித்துவிட்டார். மூச்சில்லை. டாக்டர் தொண்டையில் குழாயை இறக்கி, ஆக்ஸிஜன் வரும் ரப்பர் பையை அதில் மாட்டி, விடாமல் அழுத்தச் சொன்னார். அதற்கெல்லாம் மெஷின் ஏது? என் பத்து விரல்தான். பையோ கல் மாதிரி இருந்தது, காற்று உள்ளே போக மறுத்தது. மயக்கமருந்தை நான் சரியாக அளந்தேனா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். சுருக்கென்று கோபம் வந்தது.

அதற்குள் அவர் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "இத அமுக்கித்தான் அவரு மூச்சப் புடுங்குறீங்களா? விடுங்கய்யா!"

"கைய எடுலா! விட்டா செத்துருவாரு! உண்மையச் சொல்லு, என்ன குடுத்த?"

வாசலில் நின்ற மாத்தாவைப் பார்த்தாள். புருஷனின் உதட்டைப் பார்த்தாள். என் காதருகே குனிந்தாள். "விடியக்காலையில கஞ்சி. பசிக்குதுன்னு அழுதாருங்க. முந்தானையில மறச்சுக் கொண்டாந்தேன். மாத்தாவ வச்சுக்கிட்டுக் கேட்டா நான் எப்படிய்யா சொல்லுவேன்?"

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பழி என்மேல் விழுந்த ஆத்திரம். "டாக்டர், லயத்திலேருந்து கஞ்சி கொண்டாந்து ஊத்தியிருக்கு இந்தப் பொம்பள!" என்று வார்டே கேட்கக் கத்தினேன்.

டாக்டர் மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சினார். மயக்கத்தில் வயிற்றிலிருந்து மேலேறி மூச்சுக்குழாயை அடைத்திருந்த கஞ்சி பருக்கை பருக்கையாக வந்தது. பை இளகியது. மதியம்வரை அழுத்தினேன். விரல்கள் மரத்துப்போயின. அவராகவே மூச்சு விட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கு வெகுநேரம் முன்பே அவளை மாத்தா லோரியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்.

சாயங்காலம் குழாயை எடுத்ததும் அவர் என் கையைப் பிடித்தார். குரல் கரகரத்தது.

"ஐயா, ஒங்கள நம்பிச் சொல்றேன். அவ எனக்குக் கஞ்சி கொண்டாந்தா. மாத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.