மரியாதைப்பட்டவர்களுக்கு மட்டும்

தேனி ஸ்டேஷனுக்கு நேர் எதிரே எங்கள் முதலாளி மாடிக் கட்டடம் எழுப்பியபோது அதற்கு ஆபீஸ் மாடி என்று பெயர் வைத்தவன் நான்தான். வாசலில் தொங்கிய பலகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வருகிற அசிங்கத்தில் என் பங்கு என்ன என்று படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாளிக்கு ஏலக்காய் வியாபாரம். போடியிலிருந்து கிளம்பும் ரயில் தேனியில் நின்று மதுரைக்குப் போகும். கம்பம், சின்னமனூர் போகிற பஸ்கள் ஸ்டேஷன் வாசலிலேயே ஆள் ஏற்றும். மலையிலிருந்து இறங்குகிறவனும் மதுரையிலிருந்து வருகிறவனும் இந்த இடத்தில் கால் வைக்காமல் தாண்ட முடியாது என்று முதலாளி ரயில் வந்த வருஷமே கண்டுகொண்டார். கீழே சரக்கு அடுக்குகிற கிட்டங்கி, மேலே நான்கு அறைகள். சிமெண்டுத் தரை, கண்ணாடி ஜன்னல், தேக்கில் இழைத்த கைப்பிடி வைத்த ஒரே படிக்கட்டு. கரண்டு அந்தத் தெருவுக்கு வரவில்லை. ஆனாலும் வரும்போது கம்பி நுழைய வேண்டும் என்று சுவரில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஓட்டைகளில் குளவி கூடு கட்டியிருந்தது.

நான் மயிலாடும்பாறைப் பக்கத்துக்காரன். மானாவாரிக் காடு, இரண்டு மாடு, அவ்வளவுதான் எங்கள் குடும்பம். எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஸ்கூல் பைனல் தேறியதும் என்னைப் பெற்ற ஐயா கூட்டிவந்து முதலாளி முன்னால் நிறுத்தினார். இவன் இங்கிலீசில் எழுதுவான் என்பதைத் தவிர என்னைப் பற்றி அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. அது போதுமானதாக இருந்தது. மதுரைக்கும் கொச்சிக்கும் போகிற கடிதங்களை நான் எழுதினேன். அறைகளைப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுவதும் என் வேலை ஆனது.

பலகைக்கு வாசகம் வேண்டும் என்றபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏலக்காய் சாம்பிள் சுற்றி வந்த பழைய மெட்ராஸ் பேப்பர் ஒன்றில் வீட்டு விளம்பரங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கடைசியில் 'ரெஸ்பெக்டபிள்' ஆட்களுக்கு மட்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. நாணயமானவர்கள், சொன்ன சொல் தவறாதவர்கள் என்று அர்த்தம் செய்துகொண்டேன். அதையே தமிழாக்கி எழுதினேன்: 'நவீன ஆபீஸ் அறைகள் வாடகைக்கு. ரயிலடிக்கு எதிரில். காற்று, வெளிச்சம், சிமெண்டுத் தரை. மரியாதைப்பட்டவர்களுக்கு மட்டும்.'

முதலாளி கடைசி வரியை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏலே, ஒத்த வார்த்தைல கதவச் சாத்திட்டியேலே. இனி நான் வாயத் தொறக்கவே வேணாம்."

வாடகை பாக்கி வைக்கிறவர்களைச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.

முதல் அறைக்கு வந்தவர் மேகமலை எஸ்டேட்டுகளுக்கு ஆள் பிடித்து அனுப்புகிற ஏஜெண்டு. வந்த மூன்றாம் நாளே படிக்கட்டின் திருப்பத்தில், புதுச் சுண்ணாம்புச் சுவரில், அவருடைய வெற்றிலை எச்சில் ஒரு ஆள் உயரத்துக்கு வழிந்து காய்ந்திருந்தது. அதன்மேல் ஈ மொய்க்கும். நான் தேய்த்துக் கழுவுவேன், மறுநாள் அதே இடத்தில் குறி தவறாமல் துப்பியிருப்பார். மலைக்குப் போக வந்த சனங்களை மூட்டையோடு தெருவிலேயே உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொருவராக மேலே கூப்பிட்டு, கட்டை விரலை அவரே பிடித்து மையில் அமுக்கிப் பேப்பரில் ஒற்றுவார். மையான கையைத் துடைத்துக்கொள்ளத் துணிகூடக் கொடுக்க மாட்டார். ஒரு நாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி மலையில் குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டாள். பதிலுக்கு அவர் அவள் கன்னத்தில் அறைந்தார். குழந்தை அழக்கூட இல்லை, திகைத்துப் பார்த்தது. நான் இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். பெரிய இடத்துத் தொடர்பு உள்ள ஆள், நம் மாடிக்கு மரியாதை என்றார்.

அந்த மாடி எனக்கு முதல்முறையாக அசிங்கமாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். ஆனால் வேலையை விடவில்லை.

மூன்று அறைகள் நிரம்பின. கிழக்கு அறை மட்டும் காலியாக இருந்தபோது, ஒரு முற்பகல் மதுரை ரயிலில் டைப்ரைட்டிங் வாத்தியார் ஒருவர் வந்து இறங்கினார். முப்பது வயதிருக்கும். வெள்ளை டிரில் கோட்டு, கையில் தோல் பை. பலகையைப் படித்துவிட்டு நேராகப் படியேறி வந்தார். அறைக்குள் நுழைந்ததும் ஜன்னல் பக்கம் போய் உள்ளங்கையை நீட்டி, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்தார். பிறகு கோட்டு அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் முட்டி போட்டு, நான்கு மேஜைக்கு இடம் இருக்கிறதா என்று சாண் போட்டு அளந்தார்.

இரண்டு மிஷின் ஏற்கெனவே ஸ்டேஷன் பார்சல் ரூமில் இருக்கின்றன, இடம் அமைந்ததும் மற்ற இரண்டும் வரும் என்றார். மதுரையில் தெருவுக்கு ஒரு இன்ஸ்டிட்யூட், இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒன்றுகூட இல்லை. பெரியகுளத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் படித்த பையன்கள் பஸ்ஸிலும் போடியிலிருந்து ரயிலிலும் வந்து படித்துவிட்டுப் போகலாம். இந்த அறை கிடைக்காவிட்டால் ஸ்டேஷனைச் சுற்றி வேறு இடம் இல்லை என்பதை அவர் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். மதுரையில் பார்த்த வேலையையும் விட்டுவிட்டார்.

எனக்குள் வேறு கணக்கு ஓடியது. டைப்பில் லோயர் பரீட்சை தேறினால் தாலுகா ஆபீசில் மனுப் போடலாம். இந்த எச்சில் சுவரை விட்டுப் போகலாம். எனக்கும் சொல்லித் தருவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்து, என் இரண்டு கைகளையும் பிடித்து ஜன்னல் விளிம்பில் வைத்து, விரல்களை வரிசையாகப் பரப்பினார். தட்டச் சொன்னார். தட்டினேன்.

"சுண்டு விரல் தூங்குது தம்பி. மொதல்ல அத எழுப்பணும். காலைல கடை தொறக்குறதுக்கு முன்ன வந்துருங்க."

கீழே முதலாளியும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசினார். காப்பி வரவழைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள், பேசி முடித்துவிடலாம் என்றார். வாத்தியார் மிஷின்களைப் பார்த்து வர ஸ்டேஷனுக்குப் போனார். அவர் தெருவைத் தாண்டியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஆளு யாருன்னு கேட்டியாலே?"

"டைப்ரைட்டிங் வாத்தியாரு மொதலாளி."

"அத யாரு கேட்டா. போயி வெசாரி."

எங்கள் பக்கத்தில் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. ஊர் எது என்று கேட்போம். ஊர் தெரிந்ததும், வீடு ஊருக்குள்ளேயா, ஓடைக்கு அந்தப் பக்கமா என்று கேட்போம். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் எதுவும் கேட்கப்படாதது போலவே இருக்கும். எங்கள் வீட்டிலும் கூலிக்கு வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கவென்று ஒரு சிரட்டை கூரையில் சொருகி இருக்கும். பத்து வருஷம் பள்ளிக்கூடம் போய்த் திரும்பிய நான் ஒரு நாளும் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கூரையில் ஓலை இருப்பது போல அதுவும் இருந்தது.

ஸ்டேஷனில் வாத்தியார் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு நோட்டில் அறையைப் படம் போட்டுக்கொண்டிருந்தார். எந்த மேஜை எங்கே என்று எனக்குக் காட்டினார். நான் ஊரைக் கேட்டேன். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சொன்னார். நான் அடுத்ததையும் கேட்டேன். பென்சில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதக் கேக்குறது நீங்களா, அவுகளா?"

"நான்தான் சார். சும்மா கேட்டேன்."

"நீங்க கேட்டா சொல்றேன். ஓடைக்கு அந்தப் பக்கம். மிஷன் போர்டிங்குல வளந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடி படத்துக்குக் குனிந்தார். கதவுப் பக்கத்து மேஜையைத் தொட்டு, இது உங்களுக்கு, காலையில் வந்ததும் யாரையும் தாண்டாமல் உட்காரலாம் என்றார்.

தெருவைத் தாண்டி வருகிற அந்த முப்பது அடியில் நான் முடிவு செய்திருக்கலாம். கேட்டேன், ஊருக்குள்தானாம் என்று ஒரு வார்த்தை போதும். மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய் விசாரிக்கப்போகிறவர் யாரும் இல்லை. ஆனால் முதலாளி முன்னால் நின்றதும் உண்மை தானாக வாயில் வந்தது. பொய் சொல்லக்கூடாது என்று பள்ளியில் கற்றதுதான் காரணம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அசட்டுத்தனம். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த மனிதரிடம் கூசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். எனக்குப் பொய் வராமல் இல்லை. யாரிடம் வரும், யாரிடம் வராது என்பதுதான் விஷயம்.

முதலாளி கோபப்படவில்லை. வாத்தியார் குடித்த காப்பி டம்ளரை எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னார். பிறகு நிதானமாக எனக்கு விளக்கினார்.

"நல்ல மனுசராத்தான் தெரியிறாக. ஆனா படிக்கட்டு ஒன்னுதானலே இருக்கு. எல்லாரும் அந்தக் கைப்பிடியப் புடிச்சுத்தான ஏறணும்? ஏஜெண்டு நாளைக்கே காலி பண்ணிருவாரு. போர்டுல நீதான எழுதிருக்க."

அப்போதுதான் எனக்கு என் வாசகத்தின் அர்த்தம் தெரிந்தது. மாடியில் ஏஜெண்டு காறித் துப்புகிற சத்தம் கேட்டது. சுவரில் விழுந்து வழிவதையும் நான் பார்க்காமலே பார்த்தேன்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முதலாளிக்குச் சங்கடமாக இருந்தது. அதனால் இங்கிலீசில் கடிதம் எழுதச் சொன்னார். இங்கிலீசில் சொன்னால் ஆளுக்குக் கோபம் வராது, நமக்கும் பாவம் ஒட்டாது என்றார். அறை ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்று எழுத வேண்டும். நான் உட்கார்ந்து எழுதினேன். ஒரு தாள் கிழித்து இன்னொரு தாள் எடுத்தேன், முதல் தாளில் மை சிந்திவிட்டது என்பதற்காக. கை நடுங்கியது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. அதுவரை நான் எழுதிய கடிதங்களிலேயே கையெழுத்து அழகாக அமைந்தது அதுதான். எங்கள் குடும்பம் நிலத்தை ஒத்திக்கு வைத்துப் படிக்கவைத்த இங்கிலீசு இதற்குத்தான் பயன்பட்டது.

அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்தும் நின்றேன். அவர் நின்றபடியே படித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தாளைப் பெட்டி மேல் வைத்து, ஒரு சொல்லை மட்டும் அடித்து மேலே வேறு எழுதினார். திருப்பி என்னிடமே நீட்டினார்.

"நீங்க எழுதுனதா?"

"ஆமா சார்."

"'பிரெமிசஸ்'னு போட்டா பின்னால 'ஹேஸ்' வராது தம்பி. 'ஹேவ்' வரும். எடம் ஒன்னா இருந்தாலும் சொல்லு பன்மை. அடுத்த ஆளுக்கு எழுதறப்ப சரியா எழுதுங்க."

கிண்டலாகச் சொன்னாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை. தப்பைக் கண்டால் திருத்துகிற வாத்தியார் குரல்தான் அது. கிண்டலாக இருந்திருந்தால் நான் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

தாளை மடித்து வைத்துக்கொண்டேன். போடியிலிருந்து வரும் வண்டிக்கு மணி அடித்தார்கள். ஸ்டேஷன் போர்ட்டர் வேறு யாருடைய வாழைக்காய்க் கூடையையோ சுமந்துகொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தான். வாத்தியார் அவனை இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, முதல் பெட்டியின் ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்துக் குனிந்தார்.

"ஒரு கை புடிங்க தம்பி. கனம்."

நான் குனியவில்லை. முதலில் தெருவுக்கு எதிர்ப்புறம் திரும்பி, யாராவது பார்க்கிறார்களா என்று ஆபீஸ் மாடி ஜன்னல்களைப் பார்த்தேன். நான்கும் சாத்தியிருந்தன. ஒருவரும் இல்லை. சரி என்று கையை நீட்டிக்கொண்டு திரும்பியபோது அவர் பெட்டியைத் தனியாகவே தூக்கித் தோளில் ஏற்றியிருந்தார். நான் எங்கே பார்த்தேன் என்பதை அவர் பார்த்திருந்தார். இரண்டாவது பெட்டிக்கும் அவர் என்னைக் கூப்பிடவில்லை.