முதுகைப் பார்க்க ஓர் ஆள்

சிங்கப்பூர் புக்கிட் மேராவில் எனக்கு அடுத்த வீடு அண்ணாதுரை அண்ணனுடையது. செம்பவாங் கப்பல் பட்டறையில் குழாய் பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். மகன் அருண்ராஜ் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போய் நாலைந்து வருடமாகிறது. அண்ணன் எதையும் சீக்கிரம் பிரிக்கமாட்டார். தீபாவளிக்கு எடுத்த சட்டை குண்டூசியோடு அலமாரியில் கிடக்கும். "நல்ல நாளுக்கு ஆகும் பாய்" என்பார். அந்த நல்ல நாள் எப்போது வரும் என்று கேட்டால் சிரிப்பார்.

போன வருடம் அவருடைய கைகளும் கழுத்தும் சிவந்து தடித்தன. ஓயாத அரிப்பு. லிட்டில் இந்தியாவில் சோப்பு, கிரீம் விற்கிறவன் நான் என்பதால் முதலில் என்னிடம்தான் வந்தார். வாசனையில்லாத கிரீம் கொடுத்தேன். பெலாச்சான் என்கிற இறால் விழுதை நிறுத்தச் சொன்னேன். எதற்கும் அடங்கவில்லை. "ஸ்கின் டாக்டர்கிட்ட போங்கண்ணே" என்று விரட்டினேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மாலை, என் வாசலில் நெளிந்துகொண்டு நின்றார்.

"பாய், ஒரு உதவி. சொல்லவே வெட்கமா இருக்கு."

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முதுகு முழுக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கழன்றால் வீட்டில் யாராவது பார்த்து அழுத்திவிட வேண்டும் என்று நர்ஸ் சொன்னதற்கு, இவர் "சரி" என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பிளாஸ்டர் எடுக்கும்வரை காலையும் மாலையும் நான் போய்ப் பார்த்தேன். சட்டையைத் தூக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாகத் திரும்பி நிற்பார்.

முடிவு வந்தது. லிமோனீன். ஆரஞ்சுத் தோலில் இருக்கிற வாசனைப் பொருள். கிரீம்களில் மணத்துக்குச் சேர்ப்பது.

"வீட்டுல ஆரஞ்சு வாசத்துல என்னண்ணே இருக்கு?" என்று குடைந்தேன். கடைசியில் அலமாரியின் சட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை லோஷன் பாட்டிலை எடுத்து வந்தார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

"ரக்ஷனாவோடது. விட்டுட்டுப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பேத்தியோட போன்ல பேசுறப்ப ஒரு சொட்டு தடவிக்குவேன். கையில, அப்புறம் கழுத்துல. அவ கட்டிப் பிடிச்சுக்குற இடம் பாய்."

பாட்டிலை டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். டாக்டர் அமீரா சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னார். "புதுசா இருந்தப்ப இது பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது அங்கிள். வருஷக்கணக்கா திறந்து திறந்து மூடுனா காத்து பட்டு மாறிடும். அதுதான் அலர்ஜி ஆக்கியிருக்கு. இனிமே ஃபிரெஷ் பாட்டிலும் வேண்டாம்."

ஒரேயடியாகத் தீர்த்திருந்தால் தப்பித்திருப்பார். சொட்டுச் சொட்டாகச் சேமித்ததுதான் வினையாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்தில் இருந்தேன். வீடியோ போனில் ரக்ஷனா "ஹாய் தாத்தா" என்று கையாட்டிவிட்டு ஓடிவிட்டாள். அண்ணன், மகன் அருண்ராஜிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அதையா இன்னும் வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்கப்பா. அவ அதை விட்டு ரொம்ப நாளாச்சு லா."

அண்ணன் கேட்டார்: "இப்ப அவ மேல என்ன வாசம்டா?"

"வாசமா? தெரியலப்பா. கவனிச்சதில்ல."

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அண்ணன் "சரிய்யா, சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

பாட்டிலை என் கையில் கொடுத்தார். "நீங்களே போட்டுருங்க பாய்." சமையலறைச் சுவரிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும் குப்பைக் குழாயில் போட்டேன். அது மோதிக்கொண்டே கீழே போய்ச் சேரும்வரை இருவரும் நின்றோம்.

கை கழுவிக்கொண்டு நான் கிளம்பும்போது அண்ணன் சட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றார்.

"பிளாஸ்டர் தடம் இன்னும் இருக்கா, பாருங்களேன்."

முதுகு சுத்தமாக இருந்தது.

"இருக்குண்ணே," என்றேன். "நாளைக்கும் வந்து பாக்குறேன்."