போட்டுப் பார்க்காத பேக்கப்

கொல்கத்தா பவானிபூரில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சர்வர் அறையில் அவரைச் சந்தித்தேன். சர்வரில் இருந்த பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு. கொல்கத்தாவிலேயே வளர்ந்த தமிழர். ஒல்லியான உடம்பு, ஏ.சி. குளிருக்குக் கழுத்தில் மஃப்ளர். பேசிக்கொண்டே இருக்கும்போது உள்ளங்கையைச் சர்வர் மேல் வைப்பார், குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல.

விஸ்வகர்மா பூஜையன்று நிலையத்துக்கு விடுமுறை, அன்றே வேலையை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"ஐயோ, அன்னைக்கு மெஷினுக்குத்தான் பூஜையே! இங்க யாரும் கை வெக்க மாட்டாங்க சார்."

சர்வரின் முகப்பில் போன வருஷத்துக் குங்குமம் இன்னும் அழியவில்லை.

"சரி, எந்த நாள்னு அப்புறம் முடிவு பண்ணலாம். பேக்கப்பை வேற மெஷின்ல போட்டு, எல்லாம் திரும்ப வருதான்னு இன்னைக்கே பார்த்துடுவோமா?"

சர்வர் மேலிருந்த கையை அவர் எடுத்துக்கொண்டார்.

"தினமும் எடுக்கறேன் சார். போட்டுப் பார்த்ததில்லை."

"ஏன்?"

"வரலைன்னா? அத்தனை பேஷண்ட்டோட ரிப்போர்ட். இருக்குன்னு நம்பித்தான் தினம் வீட்டுக்குப் போறேன். இல்லைன்னு தெரிஞ்சுட்டா எப்படிப் போறது?"

முதலில் பேக்கப்பைச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "பூஜை முடியட்டும்," என்றார். பிறகு அங்கிருந்து அழைப்பே வரவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டும் வாரக்கணக்கில் என் பையிலேயே கிடக்கிறது.